ஆயிரத்தில் ஒருவருக்கு யார் துணை?

"மேடம், இந்த வியாதி வேற யாருக்கு இருக்கு? நான் யார்கிட்டப் போய்ப் பேசறது?"

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெண்மணி என்னிடம் கேட்ட கேள்வி இது. அவருக்கு வயது நாற்பதைத் தொடவில்லை. ஏழெட்டு வருடங்களாக இரத்தச்சோகை. இரும்புச்சத்து மாத்திரை, பிறகு ஊசி, ஒருமுறை இரத்தமும் ஏற்றியிருந்தார்கள். மாதவிடாய்தான் காரணம் என்றார்கள் முதலில், பிறகு குடற்புழு, பிறகு, நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை. கடைசியில் ஒரு குடல் மருத்துவர் எண்டோஸ்கோபி செய்து, சிறுகுடலிலிருந்து துளித் திசுக்கள் எடுத்துப் பார்த்து, சீலியாக் நோய் என்று எழுதி, உணவு ஆலோசனைக்காக என்னிடம் அனுப்பிவைத்தார். நோயின் பெயர் கிடைத்ததில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது. அடுத்த நிமிடமே இந்தக் கேள்வி வந்தது.

என்னிடம் பதில் இல்லை. அதுவரை நான் நேரில் பார்த்திருந்த சீலியாக் நோயாளிகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அவர்களிலும் பெரும்பாலோர் வேலைக்காக இங்கே குடியேறிய வடமாநிலக் குடும்பத்தினர்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்றொரு பசைப் புரதம் இருக்கிறது. சப்பாத்தி மாவைப் பிசையும்போது இழுத்தால் இழுபடுகிற அந்தத் தன்மையைத் தருவது அதுதான். சிலருடைய உடலில் இந்தப் புரதம் நுழைந்ததும் நோய் எதிர்ப்பு அமைப்பு தடம் மாறி, சிறுகுடலின் உட்சுவரையே தாக்கத் தொடங்குகிறது. சத்துகளை உறிஞ்சும் நுண்விரல்கள் தேய்ந்து மழுங்குகின்றன. வயிற்றுப்போக்கு இருந்தால்தான் இந்த நோய் என்று நினைத்த காலம் போய்விட்டது. இரத்தச்சோகையாக, குழந்தை வளராமல் நிற்பதாக, எலும்புத் தேய்மானமாக, தீராத அரிப்புக் கொப்புளமாக என்று பல வேடங்களில் வருகிறது. அக்கம்பக்கத்தில் இதைக் 'கோதுமை அலர்ஜி' என்று சொல்லிக்கொள்கிறார்கள். அலர்ஜி வேறு, இது வேறு. இதற்கு மருந்து கிடையாது. ஆயுள் முழுக்க அந்தப் புரதத்தைத் தவிர்ப்பது ஒன்றே சிகிச்சை. மருத்துவமனை நோய்க்குப் பெயர் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. மற்றதெல்லாம் சமையலறையில் நடக்கிறது.

அந்தப் பெண்மணியின் தனிமை அவருடைய மனப்பிரமை இல்லை என்பதற்கு எண்களே சாட்சி. 2016இல் வெளியான ஓர் ஆய்வு இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என மூன்று பகுதிகளில் 23,000க்கும் மேற்பட்ட பெரியவர்களின் இரத்தத்தைச் சோதித்தது. நோயைச் சுட்டும் எதிர்ப்பொருள் வடக்கில் 1.23 சதவீதத்தினருக்கும் வடகிழக்கில் 0.87 சதவீதத்தினருக்கும் தெற்கில் 0.10 சதவீதத்தினருக்கும் இருந்தது. வடக்கே நூற்றில் ஒருவருக்கு மேல், இங்கே ஆயிரத்தில் ஒருவர். நோய்க்கு இடம் தரும் மரபணு வகையோ ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தது: வடக்கில் 38, தெற்கில் 36 சதவீதம். வித்தியாசம் தட்டில் தெரிந்தது. ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை வடக்கில் சராசரியாக 455 கிராம்; தெற்கில் 25 கிராம். கோதுமையின் அளவுதான் நோயின் அளவைத் தீர்மானிக்கிறது என்று இந்த ஓர் ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. மரபணு இருக்கும் பலருக்கு எவ்வளவு கோதுமை சாப்பிட்டாலும் நோய் வருவதில்லை. ஆனாலும், இரவானால் சப்பாத்தி, வெளியே போனால் பரோட்டா, இடையில் பிஸ்கட் என்று மாறிவிட்ட நம் வீடுகளுக்கு அந்த 25 கிராம் இன்னும் எத்தனை நாளைக்குப் பொருந்தும் என்ற யோசனை எனக்கு உண்டு.

இதில் ஒரு விநோதம் இருக்கிறது. சீலியாக் நோயோடு சாப்பிட்டு வாழ இந்தியாவில் தமிழ்நாட்டைப் போல வசதியான இடம் குறைவு. சோறு, இட்லி, தோசை, ஆப்பம், இடியாப்பம், கம்பங்கூழ், கேழ்வரகுக் களி எல்லாமே தம் இயல்பிலேயே குளூட்டன் இல்லாதவை. வடக்கே ஒரு நோயாளி ரொட்டிக்கு மாற்றுத் தேடி அலையும்போது, இங்கே ரேஷன் அரிசியிலேயே சிகிச்சை இருக்கிறது. ஆனால் இந்த நோய் இருப்பதாகச் சொன்னால் புரிந்துகொள்ள ஆள் கிடைக்காத இடமும் இதுவே. அங்கே தெருவுக்கு ஒருவருக்காவது இருக்கும். இங்கே அவரவர் ஊரில் அவரவர் மட்டும்தான். சாப்பாடு எளிது என்பதால் துணை தேவையில்லை என்று மருத்துவர்களும் உணவு ஆலோசகர்களும் நினைத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதன் விளைவை எழுதியாக வேண்டும்.

அன்று அவர் கையில் இரண்டு பக்கப் பட்டியல் ஒன்றைக் கொடுத்தேன். வடநாட்டு நோயாளிகளை மனத்தில் வைத்துத் தயாரிக்கப்பட்டதன் தமிழாக்கம் அது. ஆட்டா, மைதா, சூஜி, தாலியா கூடாது. நூடுல்ஸ், பிரெட், பிஸ்கட் கூடாது. அரிசி, சோளம், கம்பு, பருப்பு, காய், பால் ஆகலாம். "நீங்கள் அரிசிச் சாப்பாட்டுக்காரர்தானே, கவலை இல்லை" என்று சொல்லி அனுப்பினேன். எட்டு மாதம் கழித்து வந்தார். எதிர்ப்பொருளின் அளவு கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. ஹீமோகுளோபின் ஏறவே இல்லை. எதிர்ப்பொருள் முழுமையாக இறங்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்; அதை நினைவில் கொண்டு நான் நிதானமாகப் பேசியிருக்க வேண்டும். மாறாக, "மறைச்சு ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. கூட வந்த கணவர்தான், "ஒரு பிஸ்கட்கூடத் தொடறதில்லீங்க" என்றார். அந்த நேரத்தில் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று இப்போதும் யோசிப்பேன். சொன்னதைச் செய்யாதவர் என்று நோயாளியைச் சந்தேகிப்பது எங்கள் தொழிலில் மிக எளிது. நாம் சொன்னது போதுமா என்று நம்மையே சந்தேகிப்பதுதான் கடினம்.

அடுத்த வாரம் அவரை மறுபடி வரச்சொல்லி, காலையில் அடுப்பு பற்றவைப்பதிலிருந்து இரவு பாத்திரம் கழுவுவது வரை ஒவ்வொன்றாகக் கேட்டேன். பட்டியல் எட்டாத இடமெல்லாம் அதில் வந்தது. கணவருக்குச் சர்க்கரை. இரவுக்குச் சப்பாத்தி. மாவு பிசைவது இவர், தேய்ப்பது இவர், சுட்ட அதே கல்லைத் துடைத்துவிட்டுத் தனக்குத் தோசை ஊற்றுவதும் இவர். இடியாப்பத்துக்கும் புட்டுக்கும் அரிசி மாவு தெருமுனை மாவு மில்லில் அரைத்து வருகிறது. முந்தின ஆள் கோதுமை அரைத்துவிட்டுப் போன கல்லில். உடம்பு தேற வேண்டும் என்று மாமியார் பாசத்தோடு தினம் ஆற்றிக் கொடுத்த பானம், மால்ட் சேர்ந்தது. மால்ட் என்பது முளைகட்டிய பார்லி. நோயாளிக்குக் கொடுக்க ஏற்றதென்று தலைமுறை தலைமுறையாக நாம் நம்பும் பொருளே இந்த நோயாளிக்கு ஆகாதது என்று அந்த மூதாட்டிக்கு யார் சொன்னார்கள்? நான் சொல்லவில்லை. 'பார்லி' என்ற சொல்லே அந்தப் பட்டியலில் இல்லை.

பிறகு பெருங்காயம். கடையில் நாம் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசின் கொஞ்சம்தான். மீதி பெரும்பாலும் மாவும் கோந்தும். பல நிறுவனங்கள் சேர்ப்பது கோதுமை மாவு. சாம்பாரில், இரசத்தில், மோரில், ஊறுகாயில், தாளிப்பில் என்று பெருங்காயம் விழாத பாத்திரமே நம் வீட்டில் இல்லை. இதைச் சொன்னதும் பலர் சிரிப்பார்கள்: ஒரு சிட்டிகையா குடலைக் கெடுக்கப் போகிறது? நியாயமான கேள்விதான், கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு வீட்டில் நாளெல்லாம் சேர்த்து ஒரு கிராம் பெருங்காயத்தூள் செலவாகிறது, அதில் பாதி மைதா, மைதாவில் பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்று வைத்துக்கொள்வோம். 50 மில்லிகிராம். நான்கு பேர் உண்டால் ஆளுக்கு 12. இத்தாலியில் 49 நோயாளிகளை வைத்து நடந்து 2007இல் வெளியான ஆய்வொன்றில், நாளுக்கு 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் உட்கொண்டவர்களின் குடலில் சேதம் தெரிந்தது. 10 மில்லிகிராம் எடுத்தவர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள். ஆகவே பெருங்காயம் மட்டும் என்றால் எல்லைக்கோட்டில் நிற்கிறோம். சப்பாத்திக் கல், மில் மாவு, மால்ட் எல்லாம் கூடும்போது எல்லை எங்கோ பின்னால் போய்விடுகிறது. இதில் எது எவ்வளவு கெடுதல் செய்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் பெருங்காயத்தை மாற்றுவது சுலபம். அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்கிறது, பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்தால் போதும். சுலபமானதை முதலில் செய்வோம் என்றேன்.

இந்த நோய்க்கும் ரொட்டிக்கும் உள்ள தொடர்பு எப்படித் தெரியவந்தது என்பதே சமையலறைக் கதைதான். நெதர்லாந்தின் ஹேக் நகரில் குழந்தை மருத்துவராக இருந்தவர் வில்லம் கரேல் டிக்கே. 1930களில் ஒரு தாய் அவரிடம், ரொட்டியை நிறுத்தினால் தன் குழந்தைக்கு நன்றாகிவிடுகிறது என்று சொன்னதுதான் அவரை யோசிக்க வைத்தது என்பார்கள். 1944-45 குளிர்காலத்தில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது, அந்த நாட்டில் ரொட்டியே கிடைக்காத பஞ்சம் வந்தது. மற்றவர்கள் பசியில் வாட, சீலியாக் குழந்தைகள் சிலர் தேறினார்கள். 1950இல் டிக்கே இதைத் தன் ஆய்வேடாக உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்தார். பஞ்சம் பிரபலமாகிவிட்டது. எனக்கு அந்தத் தாயைத்தான் அடிக்கடி நினைவு வருகிறது. அவர் சொன்னதை ஒரு மருத்துவர் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறார்.

என்னிடம் வந்தவரின் விஷயத்தில் தீர்வு கணவரிடமிருந்து வந்தது. "எனக்கு மட்டும் எதுக்குங்க சப்பாத்தி? விட்டுடறேன்" என்றார். சர்க்கரைக்காரர்கள் சப்பாத்திதான் சாப்பிட வேண்டும் என்ற நம்பிக்கை எப்படி வேரூன்றியதோ தெரியவில்லை. ஒரே அளவு மாவுச்சத்தை அரிசியில் தந்தாலும் கோதுமையில் தந்தாலும் பெரிய வேறுபாடு இல்லை. சோற்றைக் குவித்துச் சாப்பிடுகிறோம், சப்பாத்தியை எண்ணிச் சாப்பிடுகிறோம், பெருமளவு அவ்வளவுதான். அந்த வீட்டிலிருந்து கோதுமை மாவு வெளியேறியது. மாவு வீட்டிலேயே மிக்ஸியில் அரைத்துச் சலிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பரிசோதனையில் எதிர்ப்பொருள் இயல்பு நிலைக்கு வந்தது, ஹீமோகுளோபின் பன்னிரண்டைத் தாண்டியது.

நோய் உறுதியான பிறகு துணை எங்கே என்று யார் கேட்டாலும் இந்த வீட்டையே நான் முதலில் காட்டுகிறேன். நோயாளிதான் சமைப்பவர் என்றால், நம் வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான், தனக்கென்று தனியாகச் சமைத்துக்கொள்வது அவருக்கு இரண்டாவது நோய். தனிப் பாத்திரம், தனி ஜாடி, தனி அடுப்பு என்று பிரிக்கப் பிரிக்க, தான் வீட்டுக்குச் சுமை என்ற எண்ணம் வளர்கிறது. ஒருநாள் சலித்துப்போய், இருப்பதை எடுத்துச் சாப்பிட்டுவிடுகிறார். வீடு முழுவதும் மாறுவது எல்லாருக்கும் சாத்தியமில்லை என்பதும் தெரியும். கூட்டுக் குடும்பத்தில், பிஸ்கட்டும் பிரெட்டும் கேட்கிற குழந்தைகள் உள்ள வீட்டில், அதைக் கட்டாயப்படுத்தினால் நோயாளி மீதே வெறுப்பு திரும்பும். அங்கே குறைந்தபட்சமாக ஒரு தோசைக்கல், ஒரு சல்லடை, ஒரு பெருங்காய டப்பா, இவற்றோடு மாவு விஷயத்தில் பொறுப்பெடுக்கும் இன்னொரு ஆள். அந்த ஆள் நோயாளியாக இருக்கக் கூடாது என்பதுதான் என் ஒரே நிபந்தனை.

வீட்டுக்கு வெளியே சிக்கல் வேறு விதம். "ஒரு வாய்தானே அண்ணி, என்ன ஆயிடப்போகுது?" என்ற அன்பை எதிர்கொள்வது விரோதத்தை எதிர்கொள்வதைவிடக் கடினம். சர்க்கரை என்று சொன்னால் யாரும் வற்புறுத்துவதில்லை. அதன் விளைவைப் பார்த்திருக்கிறார்கள். இந்த நோயோ ஒரு வாய் கேசரி சாப்பிட்டதும் மயக்கம் போட்டு விழ வைப்பதில்லை. உள்ளே மெல்ல அரிக்கிறது. உடல் எடை குறைக்கிறவர்களும் 'குளூட்டன் ஃப்ரீ' என்று சொல்லத் தொடங்கியதில் ஒரு நன்மை, பெரிய நகரங்களின் கடைகளில் பொருள்கள் வந்தன; ஒரு தீமை, உண்மையான நோயாளி சொன்னாலும் பரிமாறுகிறவர் அதை நாகரிகம் என்று எடுத்துக்கொள்கிறார். கோயிலில் கைநீட்டி வாங்கிய பிரசாதத்தை உண்ணாமல் எப்படித் திருப்புவது என்று கேட்டவர்கள் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபை இந்த நோயாளிகளைக் கருதி 2003இலும் 2017இலும் எழுத்தாகவே நெறி சொல்லியிருக்கிறது: குளூட்டன் அறவே இல்லாத அப்பம் செல்லாது, மிகக் குறைத்தது செல்லும். விதியோடு ஒருவர் உடன்படலாம், படாமலிருக்கலாம். இப்படி ஒருவர் பந்தியில் இருக்கிறார் என்று யாரோ நினைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

எச்சரிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. எந்த வீட்டிலும் தண்ணீர்கூடக் குடிக்காமல், கல்யாணம் காட்சிக்குப் போகாமல், தன்னைத்தானே பூட்டிக்கொண்ட ஓர் இளைஞரைப் பார்த்திருக்கிறேன். அவருடைய குடல் பூரணமாக ஆறியிருந்தது, அவர் ஆறவில்லை. உறவினர் வீட்டில் தயிர்ச்சோறும் வாழைப்பழமும் சாப்பிடலாம் என்று தைரியம் சொல்வதும் எங்கள் சிகிச்சையின் பகுதி. பயமுறுத்தி அனுப்பும் ஆலோசகரும், பட்டியல் கொடுத்து அனுப்பிய என்னைப் போன்றவரும் ஒரே தவற்றின் இரு முனைகள்.

நோயாளிகள் சேர்ந்து அமைக்கும் சங்கங்கள் இதற்கெல்லாம் விடையாகுமா? மற்ற நாடுகளில் ஆகியிருக்கின்றன. பிரிட்டனில் 1968இல் இப்படியொரு சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் பீட்டர் பெனன்சன். ஆம்னெஸ்டி இன்டர்நேஷனலை நிறுவிய அதே வழக்கறிஞர். அவருக்கே இந்த நோய் இருந்தது. இத்தாலி 2005இல் சீலியாக் நோயாளிகளுக்கென்று தனிச் சட்டமே இயற்றி, குளூட்டன் இல்லாத உணவு வாங்க மாத உதவி தருகிறது. 2023இல் குழந்தைகளிடம் இந்நோயைத் தேடிக் கண்டறியவும் சட்டம் வந்தது. டெல்லி போன்ற நகரங்களிலும் நோயாளிகள் கூடிப் பேசுகிறார்கள். இங்கே ஆயிரத்தில் ஒருவர் என்ற கணக்கில், அரசிடம் இத்தாலியைப் போலக் கேட்பது பொருந்தாது. அரிசி விலையில்லாமல் கிடைக்கும் மாநிலத்தில் அதற்கு அவசியமும் குறைவு. நான் கேட்பது சில்லறை விஷயங்கள். பொட்டலங்களில் கோதுமை உள்ளதைக் குறிப்பிட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதி இருக்கிறது. கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் 'குளூட்டன் இல்லாதது' என்று போடவும் கூடாது. அந்தக் குறிப்பு தமிழிலும் இருந்தால் மாமியார்களும் படிப்பார்கள். 2022இல் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டம் அருமையான திட்டம். அதில் வாரத்தில் சில நாள் உப்புமாவும் கிச்சடியும், பல நேரம் ரவையிலும் சேமியாவிலும். இந்த நோயுள்ள குழந்தைக்கு அன்று அரிசியில் ஏதேனும் செய்து தரத் தலைமையாசிரியருக்கு ஒரு வரி அனுமதி இருந்தால் போதும்.

சங்கம் அமையும்வரை நான் செய்வது மிகச் சாதாரணமான ஒன்று. புதிதாக நோய் உறுதியானவரிடம் சம்மதம் கேட்டு, ஏற்கெனவே தேறிய ஒருவரின் சம்மதமும் கேட்டு, இருவரையும் தொலைபேசியில் இணைத்துவிடுவேன். இது மருத்துவத்துக்கு மாற்றாகாது. எந்தெந்த எதிர்ப்பொருள் எப்போது பார்ப்பது, எலும்பு அடர்த்தி, பி12, வைட்டமின் டி, இரும்பு எல்லாம் என்னுடைய, மருத்துவருடைய வேலை. சிலர் கேள்விப்பட்டதை வைத்துத் தவறாகவும் சொல்லிவிடுவார்கள். அதனால் முதல் சில வாரம் நானும் கேட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் எந்தக் கடையில் எந்தப் பெருங்காயம், ரவா கேசரி நீட்டுகிற நாத்தனாரிடம் முகம் கோணாமல் என்ன சொல்வது என்பதெல்லாம் என் படிப்பில் இல்லாதவை. அப்படி அதிகம் பேரிடம் பேசியிருப்பவர், முதலில் சொன்ன அந்தப் பெண்மணிதான்.

போன மாதம் அவர் வந்தது வேறொன்றுக்காக. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகிய நெருங்கிய இரத்த உறவினரிடம் இந்நோய் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு இருப்பதாக உலகளாவிய ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது; ஆகவே அவருடைய மகளுக்கும் இரத்தப் பரிசோதனை செய்துவிடச் சொல்லி நெடுநாளாக வற்புறுத்திவந்தேன். மகளுக்கு இருபத்திரண்டு. ஹீமோகுளோபின் ஒன்பதரை. "மாப்பிள்ளை பார்த்துக்கிட்டு இருக்கோம் மேடம். கல்யாணம் முடிஞ்சு பண்ணிக்கலாமா?" என்றார். இத்தனை பேருக்குத் தைரியம் சொன்னவர், குரலைத் தாழ்த்திக் கேட்டார். நோய் இருந்து கவனிக்காமல் விட்டால் கருத்தரிப்பதிலும் கருச்சிதைவிலும் சிக்கல் கூடலாம், கண்டுபிடித்துக் கட்டுப்பாட்டோடு இருந்தால் அந்தப் பயம் பெரிதும் குறையும், தெரியாமல் போவதுதான் ஆபத்து என்றெல்லாம் சொன்னேன். மகள் அதுவரை கோதுமையை நிறுத்திவிடக் கூடாது, நிறுத்தினால் பரிசோதனை பொய்யாகிவிடும் என்றும் சொன்னேன். எல்லாம் அவருக்கே தெரியும். மற்றவர்களுக்கு அவரே சொல்லியிருக்கிறார்.

"எங்க வீட்ல கோதுமையே இல்லையே மேடம்" என்றார். அது எனக்கு அந்த நொடிவரை உறைக்கவில்லை. மகள் கல்லூரி கேன்டீனில் சாப்பிடும் பரோட்டாவை நம்பிப் பரிசோதனை செய்வதா, சில வாரம் வீட்டிலும் சப்பாத்தி போடச் சொல்வதா என்று குடல் மருத்துவரிடம் கேட்டுச் சொல்வதாக அனுப்பிவைத்தேன். அடுத்த மாதம் மகளை அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். தேதி சொல்லவில்லை.

- கட்டுரையாளர், குடல் நோயாளிகளுக்கான உணவு ஆலோசகர்.